வெள்ளக்காலின் கிழக்குக் கல்

கால்கரைத் தெரு,
முனைப்பட்டினம்,
இராமநாதபுரம் மாவட்டம்.
9 பிப்ரவரி 2025

அன்பிற்குரிய மஹ்மூது காக்காவுக்கு, தங்கை குல்சும் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்கள் மச்சான் இஃப்திகாரும் மகள் சுஹாவும் நலம். தம்மாமில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை நான் அனுப்பிய புட்டி மூடி திறக்காமலே இருக்கிறதா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் கத்துகிறீர்கள். மூன்றாவது நிமிஷம் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஜுனைதா சித்தி மகன் அங்கே திரும்பி வருகிறான், அவன் வசம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே தொதல் இருக்கிறது. வழியிலேயே தின்றுவிடப் போகிறான், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மழையில் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வெள்ளக்கால் பொங்கியதைச் சொன்னேன் அல்லவா? நம் தெருவில் முழங்கால் தண்ணீர். எதிர்க்கரையில், மேற்கே, நாலு நாள் இடுப்பளவு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பாண்டியம்மாள் வீடு அங்கேதான். அடுப்பு கரைந்துபோய்விட்டது அவளுக்கு. உங்கள் மாடி அறையில் மட்டும் ஒரு சொட்டு இறங்கவில்லை. திரும்பி வந்து உட்காரப் போகிற இடம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது ஆயிற்றே.

மழை முடிந்ததும் அதிகாரிகளுக்குத் திடீர் ஞானம். வெள்ளக்காலைப் பழைய அகலத்துக்கே திறக்கப் போகிறார்களாம். அதன் வரலாற்றை யாராவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். வரலாற்று டீச்சர் நான் இருக்கும்போது வேறு யார் எழுதுவது? பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தெருவில் யாருக்குமே தெரியாத சங்கதிகள், காக்கா! பஞ்ச காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சனங்கள் கஞ்சிக்காக வந்து வெட்டிய கால்வாய் இது. பெரிய கண்மாய்க் கலுங்கில் வழிகிற தண்ணீர் கடைவீதிக்குள் புகாமல் கடலுக்குப் போக வேண்டும் என்று நாற்பது அடி அகலத்தில் வெட்டியிருக்கிறார்கள். கோடையில் கடல் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் நம் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள், மேலே கிராமங்களில் ஏருக்கு ஒரு ஆள் என்று வந்து அந்த மணலை வெட்டித் திறந்தார்கள். யார் வந்தார், கரையில் எங்கே நின்றார் என்று எழுதி வைத்த 'வெட்டுப் புத்தகம்' ஜமாஅத்துப் பெட்டியில் கிடக்கிறது. அறுபத்து நாலு புயலில் கடல் இதே வாய் வழியாக ஊருக்குள் வந்தது. பயந்துபோய் வாயில் கல்லைக் கொட்டிக் குறுக்கினார்கள். பிறகு ஆண்கள் எல்லாரும் அரபு நாட்டுக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வீட்டுக்கு ஒரு கூலியானான். அப்புறம் அதுவும் இல்லை.

அளப்பதற்கு ஆதாரமாக, கடைசிப் பக்கத்தில் நம் வீட்டுப் பின் மூலையில் நிற்கிற கிழக்குக் கரைக் கல்லைக் குறிப்பிட்டிருக்கிறேன். மேற்குக் கரைக் கல் புயலிலேயே போய்விட்டதாம். நம் கல் ஒன்றுதான் மிச்சம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வீடு கட்டும்போது அது இப்போது இருக்கிற மாதிரியே சாய்ந்துதான் இருந்ததா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

துஆவுடன்,
குல்சும்


தம்மாம்
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை குல்சுமுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

தொதல் பாதிதான் வந்தது. கேட்டதற்கு விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தார்கள் என்கிறான். வாயைத் துடைக்காமலே சொன்னான்.

முதுகு அப்படியேதான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் இரும்புக் கம்பி தூக்குகிறவனுக்கு முதுகு வேறெப்படி இருக்கும்? அடுத்த வருஷம் முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். மாடி அறைக்கு ஜன்னல் ஒன்று கூடுதலாக வேண்டும், கடல் பக்கமாக. மச்சானிடம் சொல்லி ஆள் பார்க்கச் சொல்.

உனக்கு எதற்கு இந்த வேலை? பிள்ளைகளுக்கு ராஜாக்களைப் பற்றிச் சொல்லிக் கொடு, சம்பளம் வாங்கு. சாக்கடையாகப் போன கால்வாய்க்குப் பதினாறு பக்கம் எழுதி யாருக்கு என்ன? எழுதியதைத் திருப்பி வாங்க முடியுமா பார். முடியாவிட்டால் கடைசிப் பக்கத்தையாவது வாங்கிவிடு.

ரமலான் வருகிறது. சுஹாவுக்கும் உனக்கும் துணி அனுப்பியிருக்கிறேன். பச்சை அவளுக்கு.

உன் காக்கா,
மஹ்மூது


முனைப்பட்டினம்
12 ஏப்ரல் 2025

அன்பிற்குரிய காக்காவுக்கு, ஸலாம்.

துணி வந்தது. பெருநாளுக்குப் போட்டோம். பச்சையை நான் உடுத்தினேன், சுஹா கொடுக்க மாட்டேன் என்று அழுதாள், அது போகட்டும்.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். நம் வீட்டுப் பின் மூலைக் கல்லில் சங்கிலியைப் பிடித்தார். மேற்கே நாற்பது அடி அளந்தார். சங்கிலியின் நுனி எங்கே போய் முடிந்தது தெரியுமா? பாண்டியம்மாள் அடுப்படியில். கார்த்திகையில் கரைந்து, அவள் புதிதாகப் போட்ட அடுப்பின் மேலேயே சுண்ணாம்பால் கோடு கிழித்தார்கள். அந்த வரிசையில் பதினோரு வீடுகளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. ஓடையை ஆக்கிரமித்திருக்கிறார்களாம். நோட்டீசோடு நான் எழுதிய வரலாற்றின் நகலையும் இணைத்திருக்கிறார்கள். என் கையெழுத்து அழகாகத் தெரிகிறது.

பாண்டியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சரம்மா, நீங்க எழுதுன தாள வச்சுத்தான் எங்கள எந்திரிக்கச் சொல்றாங்களாம்ல? எங்க பாட்டன் பூட்டன் வெட்டுன காலு. நாங்க அதுக்குள்ளயா வீடு கட்டுவோம்? இனி நாங்க எங்கன போறது, அதையும் எழுதிக் குடுங்க" என்றாள். பிறகு பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை காக்கா. எங்கேயோ நான் தப்பு செய்திருக்கிறேன் என்று வெட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். அதில் நம் வாப்பாவின் பேர் வருஷா வருஷம் இருக்கிறது. ஒரு வருஷம் இப்படி இருக்கிறது: 'மனைக் கிணற்றுக்கு மேற்கே ஐந்தடியில் கரைக் கல், அதை ஒட்டி நின்றார்.' அந்தக் கிணறு இப்போது நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. நானே நாடா பிடித்து அளந்தேன். கிணற்றிலிருந்து பின் மூலைக் கல் வரைக்கும் இருபத்து மூன்று அடி.

ஐந்தடி எப்படி இருபத்து மூன்று அடியாகும்? கிணறு நகராது. வீடு கட்டியபோது நீங்கள்தான் கூடவே நின்றீர்கள். கல் எங்கே இருந்தது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

குல்சும்


தம்மாம்
1 மே 2025

குல்சுமுக்கு,

வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வேறு எல்லாவற்றையும்தான் எழுதப் போகிறேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. ஆண் பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் போய் இருக்க வேண்டும். வாப்பா மவுத்தானபோது உனக்கு இருபது வயது. உன்னைக் கட்டிக்கொடுக்கிற குமரு காரியம் என் தலையில். வீடு இல்லாத பெண்ணை யார் பார்க்க வருவார்கள்? இருபத்து மூன்று வயதில் வந்தவன் இங்கே வெயிலில் நின்று அந்த வீட்டைக் கட்டினேன். கல்யாணம் முடித்து ஜஸீலா வீட்டில் பதினோரு வருஷம் விருந்தாளியாக இருந்தேன். லீவில் போனால் எந்த நாற்காலியில் உட்காருவது என்று யோசித்துத்தான் உட்காருவேன். அவள் பிரிந்துபோனபோது ஒரு பெட்டியோடு வெளியே வந்தேன். இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது நீ கொடுத்த அந்த மாடி அறை ஒன்றுதான். அதுவும் உன் வீட்டு மேல்தான்.

இப்போது நாடாவைப் பிடித்துக்கொண்டு திரிகிறாய். வீட்டில் ஒரு செங்கல் போனாலும் சுஹாவுக்கு எதைக் காட்டி மாப்பிள்ளை தேடுவாய்? பதினோரு வீட்டுக்காக அழுகிறாய், உன் மகளுக்காக ஒரு வரி எழுதினாயா? நோட்டீஸ் கொடுத்தவர்கள் வேறு இடம் கொடுப்பார்கள். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

பள்ளிக்கூடம் உண்டு, வீடு உண்டு என்று இரு.

மஹ்மூது


முனைப்பட்டினம்
15 ஜூன் 2025

காக்காவுக்கு, ஸலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் ஆயிற்று. ஆடு பங்கு போட்டதில் பாண்டியம்மாளுக்கு எப்போதும் கொடுப்பதுபோல் அனுப்பினேன். 'கறி வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க' என்று அவள் மகள் ஜெயசுதா வாசலோடு நின்று திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். படித்துவிட்டு அழுதேன். எனக்காக நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். தெரியாதவளுக்கு எழுதுவதுபோல் எழுதாதீர்கள். ஆனால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. நாலு பக்கத்தில் அதற்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது உங்களுக்கு.

நம் வீட்டைக் கட்டிய முனியசாமி கொத்தனாரைத் தேடிப் போனேன். இப்போது திருப்புல்லாணியில் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வீட்டைப் பற்றிக் கேட்டேன், கிணற்றைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நன்றாகத்தான் பேசினார். கல் எங்கே இருந்தது என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அத எங்கிட்டக் கேக்காதீங்க தாயி. ஒங்க காக்காட்டக் கேளுங்க. நான் தூக்கச் சொன்னதத் தூக்குனவன்" என்றார்.

எதைத் தூக்கினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை காக்கா.

அங்கிருந்து நேரே இராமநாதபுரம் போனேன். ஒரு மேஜைக்குப் போனால் அடுத்த மேஜை என்கிறார்கள். அங்கே போனால் சாப்பிடப் போயிருக்கிறார், அவர் வந்ததும் பழைய வரைபடம் கரையான் தின்றுவிட்டது. வெட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். அது சர்க்கார் ஆவணம் இல்லையாம். "மனுஷன் மாத்திச் சொல்லுவான், கல்லு பொய் சொல்லாது டீச்சர்" என்று எனக்கே பாடம் நடத்தினார் ஒருவர். கல்லை நட்டபோதோ எடுத்தபோதோ நேரில் பார்த்த ஆள் வந்து எழுதிக் கொடுத்தால் மறுபடி அளப்பார்களாம். ஆகஸ்ட் நாலாம் தேதி பதினோரு வீட்டையும் இடிக்கிறார்கள்.

சுஹாவுக்காக ஒரு வரி கேட்டீர்கள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "வீட்டப் பாத்து வர்ற மாப்பிள எனக்கு வேணாம் உம்மா" என்றாள். இது அவளுக்கான வரி.

இதற்கும் பதில் இல்லையென்றால் அதையே நான் பதிலாக வைத்துக்கொள்வேன்.

குல்சும்


முனைப்பட்டினம்
6 ஜூலை 2025

காக்காவுக்கு,

பதில் இல்லை. போன் அடித்தால் எடுப்பதும் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போகிறீர்கள் என்று ஜுனைதா சித்தி மகன் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

நேற்று முற்றத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். கிணற்றுக்கு மேற்கே ஐந்தடி என்றால் சரியாக மாடிப்படி வருகிறது. படியை இடிக்க மனசில்லாமல் அதை ஒட்டிய தரையை உடைத்தேன். பழைய கல் நின்ற குழி, ஒரு அடையாளம், ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன். உங்கள் மச்சான் கடையிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார். மூன்றடி ஆழம் போய்விட்டோம். உங்கள் ஊர்ப்பட்ட சிமெண்டும் மணலும்தான் வருகிறது.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கல் விஷயம் வெளியே வந்தால் நம் வரிசையில் பதினாலு வீட்டுக்கும் பின்கட்டு போகும் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நேற்று வரைக்கும் அரைக்கிலோ மீனில் பங்கு கொடுத்தவர்கள் இன்று என் ஸலாமுக்கு முகம் திருப்புகிறார்கள். நான் யாருக்காக இப்படித் தோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே சலிப்பாக இருக்கிறது. எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. உங்கள் மேல்தான்.

குல்சும்


தம்மாம்
16 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தோண்டுவதை நிறுத்து. நீ உடைக்கிற இடம் தப்பு. மூன்றாவது படிக்கு நேர் கீழே பார்க்கச் சொல். அந்தக் காலத்தில் கல்லுக்கு அடியில் அடையாளத்துக்குக் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் போட்டு இடித்திருந்தார்கள். கல்லைத்தான் எடுத்தோம். அடியில் இருந்ததை நாங்கள் தொடவில்லை. அப்படியே இருக்கும்.

இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

வாப்பா விட்டுப்போன மனை தெருவிலிருந்து கரை வரைக்கும் முப்பது அடிதான். உனக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெண்களுக்குத் தனிக் கூடம் வேண்டும் என்றார்கள். மச்சானைச் சொல்லவில்லை, அவர் பாவம், பெரியவர்கள் பேசியது. முப்பது அடிக்குள் தனிக் கூடம் வராது. எனக்கு லீவு முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. கால்வாய் காய்ந்து கிடந்தது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இதில் எப்போது தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். தெருவில் ஒரு ஆண் கிடையாது, பெண்கள் எல்லாரும் அடுப்படியில். நானும் முனியசாமியும் கல்லைப் பிடுங்கிப் பதினெட்டு அடி தள்ளிக் கால்வாய்க்குள் நட்டு, சுற்றிலும் மண் நிரவினோம். அவனுக்கு விருப்பமில்லை. நான்தான் கட்டாயப்படுத்தினேன். தொழுகை முடிந்து ஆட்கள் வந்தபோது கல் அங்கேயே பிறந்ததுபோல நின்றது. என் வாழ்நாளில் காய்ச்சல் இல்லாமல் நான் விட்ட ஜும்ஆ அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வீடு கட்டிய பதிமூன்று பேரும் நம் கல்லைப் பார்த்து நேராக நூல் பிடித்தார்கள். அவர்கள் யாரும் திருடவில்லை குல்சும். கல்லை நம்பினார்கள். அவர்களும் மகளுக்கு வீடு கட்டியவர்கள்தான். உன்னை நான்தான் இருபத்தொரு வருஷம் அந்தக் கால்வாய்க்குள் குடிவைத்திருக்கிறேன்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதினேனே, அதை எழுதிவிட்டு எனக்கே கூசியது. பாண்டியம்மாளின் மாமனாரை எனக்குத் தெரியும். சின்ன வயதில் வாய் வெட்டுகிற அன்று வாப்பாவோடு போனால் அவர்தான் எனக்குக் கருப்பட்டி கொடுப்பார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். லீவு இல்லை, முடித்துக்கொண்டே வருகிறேன். முப்பதாம் தேதி மதுரையில் இறங்குகிறேன். நேரில் எழுதிக் கொடுக்கிறேன், இடத்தையும் காட்டுகிறேன். படியை இடிக்கும்போது நான் இருக்க வேண்டும்.

எங்கே தங்குவது என்றுதான் தெரியவில்லை. உச்சிப்புளியில் ஒரு நண்பன் லாட்ஜ் வைத்திருக்கிறான். அங்கே போய்விடுகிறேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருக்கிறது.

மஹ்மூது


முனைப்பட்டினம்
22 ஜூலை 2025

காக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை. எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அழித்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாண்டியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "வந்து சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

கோபம் தீரவில்லை. எனக்கு வீடு வேண்டும் என்று நான் உங்களிடம் கேட்டேனா? கேட்டிருந்தாலும், முப்பது அடியில் ஒரு கூடம் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் பேரைச் சொல்லி நீங்கள் செய்ததற்கு நான் கொடுத்த வரலாறுதான் முத்திரை. இந்த வெட்கம் எனக்கு எப்போது போகும் என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டாயா என்று வந்தவுடன் கேட்காதீர்கள். கேட்டால் சண்டை வரும்.

உச்சிப்புளி லாட்ஜுக்கு எல்லாம் போக வேண்டாம். மச்சான் மதுரைக்கு வண்டி கொண்டு வருகிறார். மாடி அறையில் விரிப்பு மாற்றிவிட்டேன். படி இருக்கிற வரைக்கும் அங்கேதான் படுப்பீர்கள். அது போன பிறகு முன்கூடத்தில் எங்களோடு படுப்பீர்கள். கூடம் சின்னதுதான், நாலு பாய் கொள்ளும்.

அலுவலகத்தில் பேசிவிட்டேன். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை அளக்க வருகிறேன் என்று சர்வேயர் சொன்னார். காலை பதினொன்றரைக்கு வந்தால் தெருவில் கூட்டம் இருக்காது, வேலை சுலபமாக முடியும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஜும்ஆ முடிந்து ஆண்கள் எல்லாரும் தெருவில் இருப்பார்கள். மேற்குக் கரையிலிருந்து பாண்டியம்மாளும் அவர்கள் ஆட்களும் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் நீங்கள் காட்ட வேண்டும்.

நீங்கள் காட்டும்போது நான் உங்கள் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் நிற்பேன்.

குல்சும்